ஒவ்வொரு மூலக் கோப்பிலும் உரிமம் எழுத வேண்டுமா? எழுதினால் எப்படி?

கேள்வி இதுதான். ஒரு திறமூலத் திட்டம் நடத்துகிறீர்கள். அதன் மேல்மட்டக் கோப்புறையில் 'லைசென்ஸ்' என்ற கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் உரிமம் பற்றி எழுதத்தான் வேண்டுமா? எழுதுவதென்றால் முழு உரிம வாசகத்தையும் ஒட்டுவதா, ஒரு வரி போதுமா? யார் பெயரைப் போடுவது, எந்த ஆண்டைப் போடுவது?

என் பதில்: சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனாலும் எழுதுங்கள். முழு வாசகம் வேண்டாம், இரண்டு வரி போதும். ஒரு வரியில் பதிப்புரிமை யாருடையது என்று இருக்கட்டும், அடுத்த வரியில் எஸ்பிடிஎக்ஸ் அடையாளம், அதாவது உரிமத்தைச் சுட்டும் நிலையான குறும்பெயர். முழு உரிம வாசகம் களஞ்சியத்துக்குள் (திட்டத்தின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடம்) ஒரே இடத்தில் இருந்தால் போதும். இதோடு வேலை முடியும் என்றால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. சிக்கல் எல்லாம் அந்த இரண்டு வரிக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

முதலில் 'கட்டாயம் இல்லை' என்பதைப் பார்த்துவிடலாம். 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின்படி பதிப்புரிமை தானாகவே பிறக்கிறது. பதிவு செய்ய வேண்டாம், அறிவிப்பு எழுத வேண்டாம். அமெரிக்கா இதில் சேர்ந்தது 1989 மார்ச் 1இல்தான். அதற்கு முன் அங்கே அறிவிப்பு இல்லாமல் ஒன்றை வெளியிட்டால் உரிமையே கைவிட்டுப் போகும் ஆபத்து இருந்தது. ஒவ்வொரு கோப்பிலும் பெரிய பெரிய எழுத்தில் அறிவிப்பு ஒட்டும் பழக்கத்தில் பாதி அந்தக் காலத்துப் பயத்தின் மிச்சம். அந்தப் பயம் இப்போது தேவையில்லை. ஆனால் இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. உரிமைதான் தானாக வரும், அனுமதி தானாக வராது. ஒரு கோப்பில் ஒன்றுமே எழுதவில்லை என்றால் 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்' என்று பொருள் இல்லை, 'யாருக்கும் அனுமதி இல்லை' என்றுதான் பொருள்.

களஞ்சியத்தின் மேலே உரிமக் கோப்பு இருக்கும்போது உள்ளே இருக்கும் கோப்பு எப்படி அனாதையாகும் என்று கேட்கலாம். கோப்புகள் ஊர் சுற்றும், அதுதான் காரணம். உங்கள் நூலகம் முழுவதையும் எவரும் எடுப்பதில்லை. நன்றாக எழுதப்பட்ட ஒரே ஒரு கோப்பை எடுத்துத் தன் திட்டத்தின் 'யூட்டில்ஸ்' கோப்புறையில் போட்டுக்கொள்வார்கள். அங்கிருந்து இன்னொருவர் எடுப்பார். மூன்றாம் கைக்குப் போகும்போது உங்கள் உரிமக் கோப்பு எங்கோ பின்னால் நின்றுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய மென்பொருளின் உரிமங்களைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் தேதிகளைப் பிரித்துப் படிக்கும் ஒரு சி கோப்பு. அருமையான நிரல். தலையில் ஒரு வரிகூட இல்லை. நடுவில் ஒரு குறிப்புரையில் யாரோ ஒருவரின் இரண்டு முதலெழுத்துகள் மட்டும். எங்கிருந்து வந்தது என்று தேடியபோது அதே கோப்பு நான்கு வெவ்வேறு திட்டங்களில், நான்கு வெவ்வேறு உரிமங்களின் கீழ் கிடைத்தது. எது மூலம், எது நகல் என்று சொல்ல வழியே இல்லை. கடைசியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வைத்தோம். எழுதியவருக்கும் நஷ்டம்தான், அவர் பெயர் உலகத்திலிருந்தே போய்விட்டது.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் உள்பட ஏராளமான திட்டங்களில் ஒவ்வொரு கமிட்டின் (பதிவு செய்யப்படும் நிரல் மாற்றத்தின்) அடியிலும் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று ஒரு வரி வரும். ஐபிஎம் மீது எஸ்சிஓ நிறுவனம் 2003இல் தொடுத்த வழக்குக்குப் பிறகு, நிரல் யாரிடமிருந்து எப்படி வந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்று 2004இல் கெர்னலில் கொண்டுவந்த ஏற்பாடு அது. அந்த வரியைப் போடுபவர் எதற்கு உறுதி அளிக்கிறார் என்று அந்த வரி சுட்டும் சான்றிதழின் ('டெவலப்பர் சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்') வாசகத்தைப் படித்துப் பாருங்கள். 'கோப்பில் குறிப்பிடப்பட்டுள்ள திறமூல உரிமத்தின் கீழ் இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்கிறது. களஞ்சியத்தில் என்று சொல்லவில்லை, கோப்பில் என்கிறது. உங்கள் திட்டம் இந்தச் சான்றிதழைப் பயன்படுத்திக்கொண்டு கோப்பில் எதையும் குறிப்பிடாமல் விட்டால், பங்களிப்பவர் எதற்குக் கையெழுத்துப் போடுகிறார் என்பதே கொஞ்சம் மங்கலாகிவிடும்.

நீதிமன்றம் வரை போன உதாரணமும் உண்டு. ஜேஎம்ஆர்ஐ என்று பொம்மை ரயில்களைக் கட்டுப்படுத்தும் ஒரு திறமூல மென்பொருள். அதன் சில கோப்புகளை ஒரு வணிக மென்பொருள் எடுத்துக்கொண்டது. எடுத்ததில் தப்பில்லை, ஆர்ட்டிஸ்டிக் உரிமம் அதை அனுமதித்தது. ஆனால் எழுதியவர்களின் பெயர், பதிப்புரிமை அறிவிப்பு, உரிமக் கோப்பைச் சுட்டும் வரி, என்ன மாற்றப்பட்டது என்ற விவரம் எல்லாம் காணாமல் போயிருந்தன. 'ஜேக்கப்சன் எதிர் காட்சர்' என்று பெயர் பெற்ற இந்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: திறமூல உரிமத்தில் இருக்கும் இப்படிப்பட்ட நிபந்தனைகள் வெறும் ஒப்பந்த வாக்குறுதிகள் அல்ல, அவற்றை மீறினால் அது பதிப்புரிமை மீறலாகவே ஆகலாம். கோப்பின் தலையில் இருந்த சில வரிகளைச் சுற்றித்தான் அந்த வழக்கு நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

சரி, எழுத முடிவு செய்தாயிற்று. எதை எழுதுவது?

பழைய வழி, உரிமமே பரிந்துரைக்கும் அறிவிப்பை அப்படியே ஒட்டுவது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வெளியிட்ட ஜிபிஎல் உரிமத்தின் பின்னிணைப்பு மூன்று பத்திகள் கொண்ட ஓர் அறிவிப்பைத் தருகிறது. அப்பாச்சி 2.0 உரிமமும் அப்படியே. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற சின்ன உரிமங்களை முழுவதுமாக ஒட்டுபவர்களும் உண்டு. தப்பு இல்லை, ஆனால் காலப்போக்கில் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒருவர் ஒரு சொல்லைத் திருத்துவார், இன்னொருவர் வரிகளை மடக்கி எழுதுவார், மூன்றாமவர் எழுத்துப்பிழையோடு ஒட்டுவார். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒன்று, உரிமங்களைத் தேடிக் கண்டறியும் ஸ்கேனருக்கு ஒவ்வொன்றும் ஒரு புதிர்.

இந்த அறிவிப்புகளில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய ஜிபிஎல் அறிவிப்பின் கடைசிப் பத்தி, 'உரிமத்தின் நகல் கிடைக்காவிட்டால் இந்த முகவரிக்கு எழுதுங்கள்' என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் அஞ்சல் முகவரியைத் தரும். அறக்கட்டளை முதலில் கேம்பிரிட்ஜில் மாசசூசெட்ஸ் அவென்யூ முகவரியில் இருந்தது. பிறகு பாஸ்டனில் டெம்பிள் பிளேஸ், அதன் பிறகு ஃபிராங்க்ளின் தெரு. 2024இல் அந்த அலுவலகத்தையும் மூடிவிட்டார்கள். மூன்று முகவரிகளும் இன்றும் எண்ணற்ற கோப்புகளில் அப்படியே கிடக்கின்றன. முகவரி தவறு என்று எச்சரிக்கவே, மென்பொருள் தொகுப்புகளைச் சரிபார்க்கும் ஆர்பிஎம்லின்ட் கருவியில் தனி விதி ஒன்று இருக்கிறது! ஜிபிஎல் 3 வந்தபோது முகவரியை எடுத்துவிட்டு இணையச் சுட்டி போட்டார்கள். மாறக்கூடிய எதையும் ஆயிரம் கோப்புகளில் நகலெடுத்து வைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நிறையப் பேர் கையாளும் இன்னொரு வழி, 'உரிமத்துக்கு லைசென்ஸ் கோப்பைப் பார்க்கவும்' என்று சுட்டுவது. கோ நிரல்மொழியின் மூலக் கோப்புகளில் 'லைசென்ஸ் கோப்பில் உள்ள பிஎஸ்டி பாணி உரிமம்' என்றுதான் இருக்கும். கோப்பு வீட்டில் இருக்கும்வரை இது சரி. வெளியே போனால்? போன இடத்திலும் ஒரு லைசென்ஸ் கோப்பு இருக்குமே, அதில் வேறு உரிமம் இருந்தால் இந்த வரி பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். கோ போன்ற பிரபலமான திட்டம் என்றால் பரவாயில்லை, படிப்பவருக்கு மூலம் தெரிந்துவிடும். உங்கள் திட்டத்துக்கும் என் திட்டத்துக்கும் அந்தச் சொகுசு கிடையாது.

எஸ்பிடிஎக்ஸ் இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 2010இல் தொடங்கிய முயற்சி இது, 2021இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. இதில் பெரிய பெரிய ஆவண வடிவங்கள் எல்லாம் உண்டு. நமக்குத் தேவை ஒரு மூலை மட்டும். அது அறுநூறுக்கும் மேற்பட்ட உரிமங்களுக்கு ஆளுக்கொரு குறும்பெயர் கொடுத்த பட்டியல். கோப்பின் முதல் வரியில் ஒரு குறிப்புரையாக 'எஸ்பிடிஎக்ஸ்-லைசென்ஸ்-ஐடென்டிஃபையர்: எம்ஐடி' என்று எழுதினால் முடிந்தது. (இங்கே தமிழில் எழுதுகிறேன், கோப்பில் இது ஆங்கில எழுத்தில், இடைக்கோடுகளோடு, எழுத்து மாறாமல் வர வேண்டும்.) மனிதரும் படிக்கலாம், 'கிரெப்' என்ற தேடல் கட்டளையாலும் எடுக்கலாம். எம்ஐடி என்பது எந்த வாசகம் என்பதில் சந்தேகம் வராது, ஏனென்றால் குறும்பெயருக்குப் பின்னால் பட்டியலில் முழு வாசகம் நிற்கிறது.

முதலில் இதைப் பெரிய அளவில் செய்தது யூ-பூட் என்ற துவக்க மென்பொருள் திட்டம், 2013இல். ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தது லினக்ஸ் கெர்னல் 2017 நவம்பரில் 4.14 பதிப்புக்காக இதைச் செய்தபோதுதான். 4.13 பதிப்பில் இருந்த 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளை இரண்டு ஸ்கேனர்களில் ஓட்டி, முடிவுகளை ஒரு விரிதாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முரண்பட்ட இடங்களை மனிதர்கள் உட்கார்ந்து படித்துப் பார்த்தார்கள். உரிமம் பற்றி ஒரு சொல்கூட இல்லாத கோப்புகள் 11 ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. உலகத்திலேயே அதிகம் பேர் படித்துப் பார்க்கும் மூலநிரலில், இருபத்தாறு ஆண்டுக்குப் பிறகு இந்த நிலை. அந்தக் கோப்புகள் எல்லாம் கெர்னலின் பொது உரிமமான ஜிபிஎல் 2இன் கீழ்தான் வரும் என்று முடிவு செய்து ஒரே பெரிய கமிட்டில் ஒரு வரி சேர்த்தார்கள். முதல் நாளே இரண்டு வரி எழுதியிருந்தால் இந்த உழைப்பே தேவைப்பட்டிருக்காது.

இப்போது குறும்பெயரைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

'பிஎஸ்டி' என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டு நிபந்தனை பிஎஸ்டி, மூன்று நிபந்தனை பிஎஸ்டி, விளம்பர நிபந்தனையோடு கூடிய பழைய நான்கு நிபந்தனை பிஎஸ்டி, நிபந்தனையே இல்லாத ஜீரோ பிஎஸ்டி என்று ஒரு குடும்பமே இருக்கிறது. நான்கு நிபந்தனை உள்ளது ஜிபிஎல்லோடு சேராது. 'பிஎஸ்டி-3-கிளாஸ்' என்று எண்ணோடு எழுதுங்கள்.

ஜிபிஎல்லில் இதைவிடப் பெரிய பள்ளம் இருக்கிறது. 'இந்த நிரல் ஜிபிஎல்லின் கீழ் வருகிறது' என்று பதிப்பு எண் சொல்லாமல் எழுதினால், உரிமத்தின் வாசகப்படியே பெறுபவர் இதுவரை வெளிவந்த எந்தப் பதிப்பையும் தேர்ந்துகொள்ளலாம். 1989இன் முதல் பதிப்பும் அதில் அடக்கம். அப்புறம், 'ஜிபிஎல் 2' என்று எழுதினாலும் தெளிவு வராது. இரண்டு மட்டுமா, இரண்டு அல்லது அதற்குப் பிந்தியவையா? இந்த ஒரு சொல் வித்தியாசத்தில்தான் ஜிபிஎல் 3 நிரலோடு உங்கள் கோப்பைச் சேர்க்க முடியுமா முடியாதா என்பது தீர்மானமாகிறது. உரிமக் கோப்பை மட்டும் போட்டுவிட்டுக் கோப்புகளில் ஒன்றும் எழுதாவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடைக்காது, ஏனென்றால் 'பிந்திய பதிப்பு' என்ற விருப்பம் உரிம வாசகத்தில் இல்லை, நீங்கள் எழுதும் அறிவிப்பில்தான் இருக்கிறது. அதனால்தான் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலின் 3.0 பதிப்பில், ரிச்சர்ட் ஸ்டால்மன் தரப்பு வற்புறுத்தியதன் பேரில், 'ஜிபிஎல்-2.0' என்ற பழைய குறும்பெயரைக் கைவிட்டு 'ஜிபிஎல்-2.0-ஒன்லி', 'ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர்' என்று இரண்டாக்கினார்கள். கெர்னல் பழைய வடிவத்தையும் இன்னும் ஏற்றுக்கொள்கிறது. புதிய திட்டம் தொடங்குபவர் அதைப் பார்த்துப் பின்பற்ற வேண்டாம்.

ஒரு கோப்புக்கு இரண்டு உரிமம் என்றால் 'ஆர்', 'அண்ட்' என்ற இணைப்புச் சொற்கள் உண்டு. 'எம்ஐடி ஆர் அப்பாச்சி-2.0' என்றால் பெறுபவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 'அண்ட்' என்றால் இரண்டையும் கடைப்பிடிக்க வேண்டும், கோப்பின் ஒரு பகுதி வேறு இடத்திலிருந்து வந்திருந்தால் இதுதான் சரி. இரண்டையும் மாற்றிப் போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். சாய்கோடு போட்டு எழுதும் வழக்கமும் முன்பு ரஸ்ட் நிரல்மொழி உலகத்தில் இருந்தது. சாய்கோடு என்றால் 'அல்லது' என்றா 'மற்றும்' என்றா என்று அதைப் போட்டவருக்குத்தான் தெரியும். இப்போது அங்கேயும் 'ஆர்' என்றே எழுதச் சொல்கிறார்கள். விதிவிலக்கு இருந்தால் 'வித்' சேர்க்க வேண்டும். எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தின் கோப்புகளில் 'அப்பாச்சி-2.0 வித் எல்எல்விஎம்-எக்ஸெப்ஷன்' என்று இருப்பதைப் பார்க்கலாம்.

பெயர்க் குழப்பத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளைப் பகிரும் என்பிஎம். 'பேக்கேஜ்' ஜேசான் கோப்பின் உரிமப் புலத்தில் 'அன்லைசென்ஸ்' என்று எழுதினால், எல்லா உரிமையையும் துறந்து பொதுவில் விடுகிறேன் என்று பொருள். கடைசியில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்துப் பெரிய எழுத்தில் 'அன்லைசென்ஸ்ட்' என்று எழுதினால், யாருக்கும் எந்த அனுமதியும் இல்லை என்று பொருள். இதை வடிவமைத்தவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்தப் புலத்தை நிரப்பும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

பதிப்புரிமை வரிக்கு வருவோம். மூன்று விஷயம்: சொல், ஆண்டு, பெயர்.

சொல் எளிது. 'காப்பிரைட்' என்று எழுதினாலே போதும், வட்டத்துக்குள் சி குறியும் போடலாம். அடைப்புக்குறிக்குள் சி போடுவது பழக்கம்தானே தவிர அமெரிக்கச் சட்டம் பட்டியலிடும் வடிவங்களில் அது இல்லை. 'ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட்' என்பதை மட்டும் எழுதாதீர்கள். அது 1910இன் புவனோஸ் ஐரிஸ் உடன்படிக்கையின் மிச்சம். அதில் சேர்ந்த நாடுகளில் உரிமை கோர அப்படி ஒரு வாசகம் வேண்டியிருந்தது. அந்த நாடுகளில் கடைசியாக நிகரகுவாவும் 2000இல் பெர்னில் சேர்ந்ததோடு அதன் வேலை முடிந்துவிட்டது. மேல் வரியில் எல்லா உரிமையும் என்னிடமே என்றும், கீழ் வரியில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதினால் படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

ஆண்டு பற்றி ஆளுக்கொரு கருத்து. என் கருத்து: கோப்பு முதலில் உருவான ஆண்டை ஒருமுறை போடுங்கள், அப்புறம் தொடாதீர்கள். அல்லது ஆண்டே வேண்டாம். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆயிரம் கோப்புகளில் எண்ணை ஒன்று கூட்டும் கமிட்டைப் போல வீணான வேலை வேறில்லை. எழுதாத நிரலுக்குப் புது ஆண்டு போட்டால் அது உண்மையும் இல்லை. இணையவழி தரவு பரிமாறும் கருவியான கர்லின் திட்டம் 2023 தொடக்கத்தில் தன் கோப்புகளிலிருந்து ஆண்டுகளை முழுவதுமாக எடுத்துவிட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை. தனிமனிதர் எழுதியதற்குப் பெரும்பாலும் அவர் ஆயுளையும் அதற்கு மேல் பல பத்தாண்டுகளையும் சேர்த்தே பாதுகாப்புக் காலம் கணக்கிடப்படுகிறது, ஆகவே ஆண்டு அங்கே அவ்வளவாக உதவுவதும் இல்லை.

பெயர்தான் கடினம். தொடங்கியவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் உங்கள் பெயர். வேலை நேரத்தில் எழுதியது என்றால், பெயர் போடும் முன் உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள்; உரிமை நிறுவனத்துடையதாக இருக்கலாம். ஐம்பது பேர் கைவைத்த கோப்பு என்றால் ஐம்பது பெயரையும் அடுக்குவது நடக்கிற காரியமில்லை. 'இன்ன திட்டத்தின் ஆசிரியர்கள்' என்று கூட்டாக எழுதிவிட்டு, 'ஆத்தர்ஸ்' என்ற கோப்பையோ கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் வரலாற்றையோ நம்புவதுதான் பெரிய திட்டங்களின் வழக்கம். குரோமியம் உலாவித் திட்டம் அப்படித்தான் செய்கிறது. ஆனால் ஒருவர் தன் பெயரை வரியாகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டால் மறுக்காதீர்கள். உரிமை மாற்றி எழுதித் தராதவரை அவர் எழுதியது அவருடையதுதான். உங்கள் பெயர் மட்டும் தலையில் இருப்பதால் அது உங்களுடையதாகிவிடாது.

அடுத்தவர் கோப்புகளைப் பற்றி ஒரே விதிதான்: கை வைக்காதீர்கள். வேறு திட்டத்திலிருந்து எடுத்த கோப்பின் தலைப்பை உங்கள் தலைப்பு போல அழகாக்கலாம் என்று தோன்றும். பிஎஸ்டி உரிமம் 'மேற்கண்ட பதிப்புரிமை அறிவிப்பையும் இந்த நிபந்தனைகளையும் கீழ்க்கண்ட பொறுப்புத் துறப்பையும் தக்கவைக்க வேண்டும்' என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்பிடிஎக்ஸ் வரியைப் போட்டால் நிபந்தனையை மீறியாயிற்று. பழைய வாசகத்தை அப்படியே விட்டு, அதோடு அடையாள வரியை மட்டும் சேருங்கள். நீங்கள் மாற்றங்கள் செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அப்பாச்சியும் ஜிபிஎல்லும் அதைக் கேட்கின்றன. உங்கள் சொந்தக் கோப்புகளில் பழைய நீண்ட அறிவிப்பை நீக்கிவிட்டு ஒரு வரியாக்குவது உங்கள் விருப்பம், பதிப்புரிமை முழுவதும் உங்களிடம் இருக்கும்வரை.

ஒரு வரி வைத்துவிட்டால் முழு வாசகம் எங்கும் வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. எம்ஐடி உரிமம், அனுமதி வாசகமே எல்லா நகல்களிலும் இருக்க வேண்டும் என்கிறது. அடையாள வரி அந்த வாசகத்தைச் சுட்டுகிறது, அதற்கு ஈடாகாது. ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 'ரீயூஸ்' திட்டம் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்திருக்கிறது: 'லைசென்சஸ்' என்று ஒரு கோப்புறை, அதற்குள் பயன்படுத்தும் ஒவ்வொரு உரிமத்துக்கும் அதன் குறும்பெயரிலேயே ஒரு உரைக் கோப்பு. மேல்மட்டத்தில் வழக்கமான லைசென்ஸ் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள், நிரல் தங்கும் தளங்கள் பெரும்பாலும் அதைப் பார்த்துத்தான் திட்டத்தின் உரிமத்தைக் காட்டுகின்றன.

குறிப்புரையே எழுத முடியாத கோப்புகளுக்கும் ரீயூஸில் வழி உண்டு. ஜேசானில் குறிப்புரைக்கு இடமில்லை, படத்தில் இல்லை, எழுத்துருவில் இல்லை. படத்தின் பெயரோடு கடைசியில் '.லைசென்ஸ்' என்று சேர்த்து ஒரு துணைக் கோப்பு வைத்து, அதில் அந்த இரண்டு வரியை எழுதலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் மேல்மட்டத்தில் 'ரீயூஸ்.டோம்ல்' என்ற ஒரே கோப்பில், இந்தக் கோப்புறையில் உள்ளவை எல்லாம் இன்ன உரிமம் என்று மொத்தமாகச் சொல்லிவிடலாம். 'கிட்இக்னோர்' மாதிரி ஒன்றுமில்லாத கோப்புகளுக்குச் சிலர் சிசி ஜீரோ (உரிமைகளைத் துறந்து பொதுவில் விடும் அறிவிப்பு) போடுவார்கள், அங்கே அது சரி. நிரலுக்குப் போடும் முன் யோசியுங்கள்: சிசி ஜீரோ காப்புரிமை, அதாவது கண்டுபிடிப்புகள் மீதான உரிமை எதையும் விட்டுத் தருவதில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதனால்தான் லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான ஃபெடோரா 2022இல் நிரலுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது.

எங்கே எழுதுவது? முதல் வரி. ஆனால் முதல் வரிக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருந்தால் அடுத்த வரி. ஷெல் ஸ்கிரிப்டில், எந்த நிரல் அதை இயக்க வேண்டும் என்று சொல்லும் ஷெபாங் வரி முதலில்தான் இருந்தாக வேண்டும். பைத்தானில் எழுத்துக் குறியாக்கத்தை அறிவிக்கும் வரி முதல் இரண்டு வரிக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் கண்டுகொள்ளாது. டாக்கர்ஃபைலில் 'சிண்டாக்ஸ்' என்ற கட்டளை வரி இருந்தால் அதற்கு மேல் எந்தக் குறிப்புரையும் போடக் கூடாது. போட்டால் அது கட்டளையாக இல்லாமல் வெறும் குறிப்புரையாகிவிடும், பிழைச் செய்திகூட வராது. கோ மொழியில் 'பேக்கேஜ்' வரிக்கு நேர் மேலே ஒட்டி எழுதினால் உங்கள் உரிம வரி அந்தப் பேக்கேஜின் ஆவணமாக வந்து நிற்கும், நடுவில் ஒரு வெற்று வரி விடுங்கள். கெர்னலில் சி கோப்புகளுக்கு இரட்டைச் சாய்கோடு, ஹெடர் கோப்புகளுக்குப் பழைய நட்சத்திரக் குறிப்புரை என்று தனித்தனி விதி இருப்பதைப் பார்த்துச் சிரித்தவன் நான். பிறகுதான் காரணம் தெரிந்தது: ஹெடர்கள், நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கரின் ஸ்கிரிப்டுக்குள்ளும் போய்ச் சேர்கின்றன, அது இரட்டைச் சாய்கோட்டைப் புரிந்துகொள்ளாமல் பில்ட் உடைந்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டைச் சுருக்கும் கருவிகள் குறிப்புரைகளைத் தின்றுவிடும். ஆச்சரியக்குறியோடு தொடங்கும் குறிப்புரையைப் பெரும்பாலானவை விட்டுவைக்கும்.

இதற்கெல்லாம் எதிர்வாதமும் உண்டு, அது சொத்தை வாதம் அல்ல. ரஸ்ட் மொழியின் தொகுப்பி (கம்பைலர்) 2018 இறுதியில் தன் கோப்புகளில் இருந்த உரிமத் தலைப்புகளை எல்லாம் நீக்கிவிட்டது. எல்லாக் கோப்பும் ஒரே இரட்டை உரிமத்தின் கீழ் வருகிறது, மேல்மட்டத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, ஒவ்வொரு கோப்பிலும் பத்து வரிச் சத்தம் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஒரே உரிமம், எவர் கைக்குப் போனாலும் அடையாளம் தெரியும் அளவுக்குப் புகழ், கோப்பைத் தனியாக எடுத்துப் போகும் வாய்ப்புக் குறைவு, இந்த மூன்றும் உங்களுக்கும் இருந்தால் நீங்களும் விட்டுவிடலாம். ஆனால் அவர்கள் நீக்கியது பத்து வரித் தலைப்பை. நான் எழுதச் சொல்வது இரண்டு வரி. எம்பிஎல் 2.0 (மொசில்லா பொது உரிமம்) பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் இந்த விவாதமே பொருந்தாது. அந்த உரிமம் கோப்பு கோப்பாகத்தான் பிடிக்கிறது, ஒரு கோப்பு அதன் கீழ் வருவதே அதோடு சேர்ந்திருக்கும் அறிவிப்பால்தான். கோப்பில் எழுத முடியாத, அல்லது எழுதுவது பொருத்தமில்லாத இடத்தில், தேடுபவர் பார்க்கக்கூடிய கோப்புறையில் எழுதிவைக்க அது இடம் தருகிறது.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டம் என்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற ஆசைப்படாதீர்கள். முதலில் 'ரீயூஸ் லின்ட்' கட்டளையை ஓட்டி எந்தெந்தக் கோப்பில் விவரம் இல்லை என்று பாருங்கள். வெளியிலிருந்து வந்தவை அடங்கிய கோப்புறையைத் தனியாகப் பிரித்து வையுங்கள், அவற்றை ஸ்கேன்கோட் போன்ற கருவியில் ஓட்டி, விடை சந்தேகமாக இருப்பதைக் கண்ணால் படியுங்கள். மிச்சமுள்ள உங்கள் கோப்புகளுக்கு 'ரீயூஸ் அனோட்டேட்' இரண்டு வரியையும் அந்தந்த மொழிக்கான குறிப்புரை வடிவத்திலேயே சேர்த்துவிடும். அதைத் தனி கமிட்டாகப் போடுங்கள், நிரல் மாற்றத்தோடு கலக்காதீர்கள். எந்த வரியை யார் எழுதினார் என்று 'கிட் பிளேம்' கட்டளையில் பார்ப்பவர்கள் அந்த ஒரு கமிட்டைத் தவிர்த்துவிட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது. அது முடிந்ததும் அதே லின்ட் கட்டளையை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் தொடர் சோதனையில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் புதிய கோப்போடு வரும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் 'தலைப்பு எங்கே' என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை, சோதனையே கேட்டுக்கொள்ளும்.